‘டக்’ சத்தத்தை அடக்குவது எப்படி? மூளைத் தூண்டல் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காதில் பஞ்சை இறுக்கி அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். வெளிச்சத்தமெல்லாம் அடங்கிப்போயிருக்கும். முறுக்கு உடைவது மட்டும் மண்டைக்குள் இடி மாதிரி கேட்கும். டிஎம்எஸ் (காந்தத்தால் மூளையைத் தூண்டும்) ஆய்வகத்தில் சேரும் புது ஆட்களை முதல் நாளே நான் செய்யச் சொல்வது இதுதான். அதற்காகவே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய முறுக்குப் பொட்டலம் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கும். மாதக் கடைசியில் அதைக் காலி செய்பவர்கள் யாரென்றும் எனக்குத் தெரியும்.

சத்தம் காதுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்று, இன்னொன்று எலும்பு. காற்று வழியை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

டிஎம்எஸ் என்பது தலைக்கு வெளியே ஒரு காயிலை (கம்பிச் சுருள்) வைத்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் அவருடன் இருந்தவர்களும் இதை முதலில் செய்து காட்டினார்கள். அறுவை இல்லை, ஊசி இல்லை. ஆனால் காயிலுக்குள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. அந்தக் கணத்தில் கம்பிச் சுற்றுகள் காந்த விசையால் உதற, பிளாஸ்டிக் உறை அதிர்கிறது. அதுதான் நாம் கேட்கும் ‘டக்’. காயிலுக்கு மிக அருகில் அதன் உச்ச அளவு 140 டெசிபெல்லைத் தாண்டவும் கூடும். சாதாரண ஒலிமானி இதைச் சரியாகக் காட்டாது. சத்தம் அவ்வளவு குறுகியது என்பதால், மானி அதைச் சராசரியில் கரைத்துவிடும்.

சரி, சத்தம் வந்தால் வரட்டுமே, அதில் என்ன குடி முழுகிப்போகிறது? இங்கேதான் சிக்கல். திடீரென ஒரு சத்தம் கேட்டால் மூளை தானாகவே ஒரு மின் அலையை எழுப்பும். சுமார் 100 மில்லிநொடியில் எதிர்முனை அலை ஒன்று, 200ஐ ஒட்டி நேர்முனை அலை ஒன்று, இரண்டும் உச்சந்தலையில் பெரிதாகத் தெரியும். காந்தத் துடிப்புக்கு மூளை தரும் பதிலிலும் ஏறக்குறைய அதே நேரங்களில் அதே மாதிரி அலைகள் இருக்கின்றன. மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி தொப்பியை மாட்டி, துடிப்பைக் கொடுத்து, நூறு முறை சராசரி எடுத்து, ‘ஆகா, மூளை பதில் சொல்கிறது’ என்று நீங்கள் மகிழும்போது, அந்தப் பதில் காந்தத்துக்கா காதுக்கா என்று திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 2019இல் கோபன்ஹேகன் குழுவொன்று, உண்மைத் தூண்டலுக்கும் அதே சத்தமும் தோல் உணர்வும் தரும் போலித் தூண்டலுக்கும் கிடைத்த அலைகள் வெகுவாக ஒத்திருப்பதைக் காட்டியபோது, இந்தத் துறையில் பெரிய வாக்குவாதமே கிளம்பியது. ‘நீங்கள் சத்தத்தைச் சரியாக மறைக்கவில்லை’ என்று மற்ற ஆய்வகங்கள் பதில் எழுதின. நான் இரண்டு பக்கத்தையும் படித்தேன். சத்தத்தை எப்படி அடக்கினோம் என்று காட்ட முடியாதவரின் தரவை யாரும் நம்பப்போவதில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகிவிட்டது.

முதலில்: எது பகை, எது வெறும் தொல்லை

கோலாலம்பூரில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஏர்கோன் உறுமல், கீழே மோட்டார் சைக்கிள், தூரத்தில் எல்ஆர்டி ரயில், மதியம் பாங்கு, மாலையானால் இடி. புதிதாக வருபவர்கள் இவற்றைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். உண்மையில் இவை எதுவும் துடிப்போடு கைகோத்து வருவதில்லை. நூறு துடிப்புகளைச் சராசரி எடுத்தால் பெரும்பாலும் கரைந்து போய்விடும். துடிப்பு அடிக்கும் அதே கணத்தில், ஒவ்வொரு தடவையும், தவறாமல் வரும் சத்தம்தான் பகை. காயிலின் ‘டக்’ அப்படிப்பட்டது.

இன்னொரு திருட்டுச் சத்தமும் உண்டு. துடிப்பைத் தூண்ட நீங்கள் அழுத்தும் கால்மிதி அல்லது கீபோர்டு பட்டன். அதன் ‘க்ளிக்’ முன்கூட்டியே கேட்டுவிட்டால் ‘இதோ வருகிறது’ என்று மூளை தயாராகிவிடும். அதனால் துடிப்பை மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுங்கள். இடைவெளியையும் ஒரே சீராக வைக்காமல் 2 முதல் 3 நொடிக்குள் மாற்றி மாற்றி வரும்படி அமையுங்கள்.

அறையும் நேரமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏர்கோனை அமர்வு முழுவதும் ஒரே வேகத்தில் வையுங்கள். அது தானாக நின்று மறுபடி கிளம்பும்போது அறையின் பின்னணிச் சத்தம் மாறி, ‘டக்’கை மறைக்க நாம் ஓட்டும் இரைச்சலின் கணக்கும் மாறிவிடும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்கே ஆளை வரச்சொல்லிவிடுவோம். இடி சராசரியில் கரையலாம். ஆனால் அது விழுந்த அடுத்த ஐந்து நிமிடத்துக்கு நாற்காலியில் இருப்பவரின் தோள் இறுகியே இருக்கும். தசை இழுவை இஇஜியில் ஏறினால் அதை எடுப்பது இன்னொரு தலைவலி. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் யாருக்கும் அமர்வு வைக்காதீர்கள். அதை நான் சொல்லியா தெரிய வேண்டும்!

காதைக் காப்பாற்றுவது

மறைப்புக்கு முன்னால் பாதுகாப்பு. காது அடைப்பான் நழுவியதால் ஒருவருக்கு நிரந்தரமாகச் செவித்திறன் குறைந்த ஒரு சம்பவம் டிஎம்எஸ் பாதுகாப்பு வழிகாட்டிகளில் பதிவாகியிருக்கிறது. பங்கேற்பவர், நீங்கள், பக்கத்தில் நிற்கும் உதவியாளர், மூவருக்குமே அடைப்பான் வேண்டும். ஆய்வாளர்கள்தான் இதைத் தட்டிக்கழிப்பவர்கள். பங்கேற்பவர் வாழ்நாளில் ஒருமுறை வந்துபோவார், நாம் நாள்தோறும் காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறையே உச்ச அளவு 140 டெசிபெல்லைத் தாண்டினால் அதை மிகை இரைச்சல் என்கிறது.

ஃபோம் அடைப்பானைச் சும்மா செருகினால் பாதிதான் வேலை செய்யும். விரலால் மெல்லியதாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். ஆழமாகப் போனதா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. நேர் முன்னாலிருந்து பார்த்தால் அது வெளியே துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. ஆழம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். வாசலோடு நின்றுவிட்ட அடைப்பான் எலும்பு வழி வரும் தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கிக் காட்டும். முறுக்கு ஏன் இடி மாதிரி கேட்டது என்று இப்போது புரிகிறதா?

காதுக்குள் உள்செவிக் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) பொருத்தியவர்களை எடுக்கவே கூடாது. இதைப் படிவத்தில் ஒரு கட்டமாக மட்டும் விட்டுவிடாமல் வாயாலும் கேளுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மறைப்பு இரைச்சலைத் தயாரிப்பது

‘டக்’ கேட்காமலிருக்க அதன்மேல் இன்னொரு சத்தத்தைப் போர்த்துகிறோம். தொடர்ந்து ஓடும் இரைச்சல் என்பதால் அது துடிப்போடு சேர்ந்து எழுவதில்லை, தனக்கென்று அலையையும் எழுப்புவதில்லை. பலர் எல்லாச் சுருதியும் சம அளவில் கலந்த வெள்ளை இரைச்சலை மட்டும் ஓட்டுவார்கள். அது முடியாததில்லை. ஆனால் உங்கள் காயிலின் ‘டக்’ சில சுருதிகளில்தான் ஓங்கி நிற்கும், வெள்ளை இரைச்சலோ ஆற்றைக் கரையோடு சேர்த்து நிரப்புகிற மாதிரி. தேவையில்லாத இடத்திலும் சத்தம், அதனால் தேவைப்பட்ட இடத்துக்கு வருமுன்னே காது தாங்காமல் போய்விடும்.

ஆகவே காயிலின் சொந்தச் சத்தத்திலிருந்தே மறைப்பைச் செய்யுங்கள். ஒரு மைக்கை வைத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே வலிமையில் பல ‘டக்’குகளைப் பதிவு செய்யுங்கள். மைக்கைக் காயிலுக்கு ஒட்டி வைத்தால் காந்தம் மைக்கின் கம்பியிலேயே மின்சாரத்தை எழுப்பும். நீங்கள் பதிவு செய்தது சத்தமாகவே இருக்காது. சற்று விலக்கி வையுங்கள். சத்தம் காற்றில் வருவதால் தூரம் கூடக்கூடப் பதிவில் அது தாமதமாக வரும், காந்தத் தடயம் மட்டும் நகராமல் அதே இடத்தில் நிற்கும். இரண்டையும் பிரித்தறிய இது போதும். பிறகு அந்தத் துணுக்குகளை வெட்டி, கலைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டினால், ‘டக்’கின் நிறத்தையே கொண்ட தொடர் இரைச்சல் கிடைக்கும். கொஞ்சம் வெள்ளை இரைச்சலும் சேர்த்துக் கலக்கலாம். கையால் செய்யச் சோம்பலாக இருந்தால், இதே வேலைக்கென்று மிலான் குழு 2022இல் வெளியிட்ட டிஏஏசி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இரைச்சல் கோப்பைச் சுழற்சியில் ஓட்டும்போது முடிவும் தொடக்கமும் சேரும் தையலைக் கவனியுங்கள். அங்கே ஒரு சின்ன ‘டிக்’ விழும். பதினைந்து நிமிடம் நீளும் ஒரே கோப்பாகச் செய்துகொள்வதே நல்லது. வலிமையைக் கூட்டினால் ‘டக்’கும் மாறும் என்பதால், ஆய்வில் வரும் மிக உயர்ந்த வலிமைக்கே மறைப்பைப் பொருத்துங்கள்.

இரைச்சலைக் கொடுக்க, சிறு குழாய் வழியாகக் காற்றில் ஒலியைக் கொண்டுவரும் செருகு இயர்போன் வாங்குங்கள். அதில் ஒலிபெருக்கிப் பெட்டி தலையைவிட்டு விலகி இருக்கும். சாதாரண ஹெட்போனில் காந்தமும் கம்பியும் காதோடு ஒட்டியிருக்கின்றன, காயிலுக்குப் பக்கத்தில் அது வேண்டாத வேலை. தூடோங் (முக்காடு) அணிந்து வருபவர்களுக்கும் செருகு வகைதான் வசதி. மறைவான இடமும், மாட்டிவிட ஒரு பெண் உதவியாளரும் இருக்கட்டும்.

எவ்வளவு உரக்க வைக்கலாம்? மேலே சொன்ன அதே விதிமுறையில் 8 மணி நேர வேலை நாளுக்கான எல்லை 85 டெசிபெல். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அப்படியானால் 91க்கு 2 மணி நேரம். அது தொழிலாளிக்கான கணக்கு, நமக்கு உதவி செய்ய வந்தவரை அந்த விளிம்புவரை கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை. 85க்குள் முடிக்கப் பார்க்கிறேன். போதாவிட்டால் இரைச்சலைக் கூட்டாமல், செருகு இயர்போனுக்கு மேலே உலோகமில்லாத காதுமூடியை மாட்டுகிறேன்.

எலும்பு வழி: காயிலுக்கும் தலைக்கும் நடுவே

தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளக் குழுவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? காதைப் பொத்தினாலும் நெஞ்சுக்குள் அதிருமே, அதே கதைதான். காயில் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அதன் அதிர்வு மண்டையோட்டின் வழியாக நேராக உள்செவிக்குப் போகிறது. ஹெல்சிங்கியில் 1999இலேயே இதைக் காட்டிவிட்டார்கள்: காயிலைத் தலையில் அழுத்தி வைத்தபோது, சற்றே தூக்கிப் பிடித்ததைவிடச் செவியலை பெரிதாக வந்தது.

மருந்து எளியது. காயிலின் அடியில் மெல்லிய ஃபோம் தகடு ஒட்டுங்கள். ஆனால் அதற்கு விலை உண்டு. காயில் மூளையிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் விலகும்போதும் கருவியின் வலிமையை ஏறத்தாழ 3 விழுக்காடு கூட்ட வேண்டியிருக்கும். 5 மில்லிமீட்டர் ஃபோம் என்றால் 15 விழுக்காடு. வலிமை கூடினால் ‘டக்’கும் கூடும். அதிர்வைத் தடுக்கப் போய்ச் சத்தத்தைப் பெருக்கிக்கொள்வதா? அதனால் ஃபோமைத் தடிமனாக்கிக்கொண்டே போகாதீர்கள். கட்டைவிரலை அசைக்கத் தேவையான குறைந்தபட்ச வலிமையைக் கண்டுபிடிக்கும்போது ஃபோம் ஒட்டியே இருக்கட்டும். ஃபோம் இல்லாமல் அளந்துவிட்டுப் பிறகு ஒட்டுவது நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்த முட்டாள்தனம்.

காயிலைக் கையால் பிடித்தால் நேரம் ஆக ஆகக் கை கனத்து, தலையை அழுத்தத் தொடங்கும். அழுத்தம் கூடினால் ஃபோம் நசுங்கி அதிர்வு கூடும். தாங்கியில் பொருத்துங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அடர்ந்த முடி, பின்னல், போதாததற்குத் தேங்காயெண்ணெய். பின்னலை அவிழ்த்து இருபுறமும் ஒதுக்கச் சொல்லுங்கள், முதல் நாளே எண்ணெய் வைக்காமல் தலை குளித்து வரச்சொல்லுங்கள். முடிமேல் மிதக்கும் காயில் ஒவ்வொரு துடிப்புக்கும் வேறுவேறாகத் தட்டும்.

ஆளைக் கேளுங்கள், சரியாகக் கேளுங்கள்

இப்போது என் கதை. என் முதல் ஆய்வில் மறைப்பின் அளவை நானே காதில் மாட்டிக் கேட்டு, ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று திருப்திப்பட்டு, அதே அளவை எல்லோருக்கும் வைத்தேன். ஒவ்வொருவரிடமும் ‘சத்தம் கேட்குதா?’ என்று கேட்டேன். ‘பரவாயில்லக்கா’ என்றார்கள். பதினோராவதாக வந்த பையன் தைப்பூசத்துக்கு உறுமி அடிப்பவன். அமர்வு முடிந்து பசையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, அந்த டக்கு பல்லுல கேட்குது. தாளம் பிடிக்கலாம்னு பார்த்தேன், நீங்க மாத்தி மாத்திப் போட்டுட்டீங்க,” என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தைய பத்துப் பேரையும் தொலைபேசியில் அழைத்தேன். ஆறு பேர், ‘ஆமா, லேசா கேட்டுச்சு, சொன்னா உங்களுக்குச் சிரமம்னு விட்டுட்டேன்’ என்றார்கள். மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது.

‘பரவாயில்ல’ என்பது நம் ஊரில் பதில் இல்லை, மரியாதை. அதனால் கேள்வியை மாற்றினேன். இப்போது நான் செய்வது இது:

காயிலை ஃபோமோடு அதே இடத்தில், அதே வலிமையில் வைத்து, மறைப்பைத் தாழ்ந்த அளவில் தொடங்குகிறோம். ‘டக் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்குங்கள், சந்தேகமாக இருந்தாலும் தூக்குங்கள்’ என்கிறேன். துடிப்புகளை ஒழுங்கில்லாமல் கொடுக்கிறேன். நடுநடுவே நீண்ட நேரம் எதுவுமே கொடுக்காமல் விடுகிறேன். துடிப்பு வராத நேரத்தில் எழும் விரலும், வந்த நேரத்தில் எழும் விரலும் ஒரே மாதிரி ஆகும்வரை மறைப்பைப் படிப்படியாகக் கூட்டுகிறேன். நெற்றித் தோலில் தட்டுவதை உணர்ந்து விரல் தூக்குகிறவர்களும் உண்டு. ‘காதிலா, தோலிலா?’ என்று பிரித்துக் கேளுங்கள். தோல் உணர்வை எந்த இரைச்சலும் மறைக்காது.

85க்குள் ஒருவருக்கு மறைக்க முடியவில்லை என்றால்? நன்றி சொல்லி, பயணச் செலவையும் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ‘ஒரே ஒருத்தர்தானே’ என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

திரையில் சரிபார்ப்பது

முழு அமர்வு தொடங்குமுன் 20, 30 துடிப்புகளைக் கொடுத்து உடனே சராசரி எடுத்துப் பாருங்கள். காயிலுக்கு அடியிலுள்ள இஇஜி முனைகளில் முதல் 50 மில்லிநொடிக்குள் அலைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைவிட்டு, காயில் எங்கிருந்தாலும் உச்சந்தலையில், இடவலம் ஒரே சீராக, 100க்கும் 200க்கும் மட்டும் பெரிய அலை எழுந்தால் அது அநேகமாகக் காதின் வேலை. நிறுத்துங்கள். செருகு இயர்போன் நழுவியிருக்கலாம், காயில் அழுத்தியிருக்கலாம். பத்து நிமிடம் போனால் போகட்டும்.

எவ்வளவு மறைத்தாலும் போலித் தூண்டல் கட்டம் ஒன்று வேண்டும். காயிலைச் செங்குத்தாகத் திருப்பி வைப்பது பழைய வழி. ஆனால் அதில் எலும்பு வழி அதிர்வும் தோல் உணர்வும் மாறிவிடுகின்றன. காந்தம் மூளையை எட்டாதபடி காயிலுக்கும் தலைக்கும் நடுவே இடைத்தகடு வைத்து, அதே மறைப்பு இரைச்சலோடு, தோலில் சிறு மின் தட்டலும் கொடுப்பது அதைவிட நேர்மையான ஒப்பீடு.

அல்ட்ராசவுண்ட் மூளைத் தூண்டலுக்குப் போகிறவர்கள், ‘அது காதுக்குக் கேட்காத ஒலிதானே’ என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 2018இல் கினிப் பன்றிகளிலும் எலிகளிலும் செய்த இரண்டு ஆய்வுகள், மூளை நேரடியாகத் தூண்டப்பட்டதாக நினைத்த பதில்களில் பெரும்பங்கு செவி வழியாக வந்ததைக் காட்டின. அலை கேட்காது, ஆனால் அது நொடிக்கு ஆயிரம் முறை என்று விட்டுவிட்டு வரும்போது அந்தத் துண்டிப்பு காதுக்குக் கேட்கும். துடிப்பின் விளிம்பைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினால் இது வெகுவாகக் குறையும்.

நோட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு பக்கம். ஃபோம் தடிமன், வலிமை, மறைப்பின் அளவு, கலவையில் வெள்ளை இரைச்சல் எவ்வளவு, எந்தப் பக்கக் காது அடைப்பான் எத்தனை மணிக்கு மறுபடி செருகப்பட்டது, விரல் சோதனையின் எண்ணிக்கை. அமர்வு நடுவிலும் முடிவிலும் ஒரு தடவை, ‘பத்தில் எவ்வளவு கேட்டது?’ என்று கேட்டு அந்த எண்ணையும் எழுதுங்கள். கட்டுரை எழுதும்போது இவை அப்படியே செய்முறைப் பகுதிக்குப் போகும். ஏர்கோன் நின்றால் அதையும் எழுதுங்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, ‘4.10க்கு இடி, 4.16 வரை நிறுத்தம், பங்கேற்பாளர் தே தாரிக் கேட்டார், கொடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். காப்பி, தேநீர் இரண்டையும் அமர்வு முடியும்வரை தராதது சரிதான். அதன் பக்கத்தில் மறைப்பின் அளவை எழுத மறந்திருந்தாள், திரும்பக் கூப்பிட்டு எழுத வைத்தேன்.